ஹார்ன்பி டப்லோ செட்: பிரேக் வேன் மட்டும் ஒட்டவில்லை

நண்பர்களே, லெஸ்டரில் நடந்த பழைய பொம்மைச் சந்தையில் ஹார்ன்பி டப்லோ (மெக்கானோ நிறுவனத்தின் பொம்மை ரயில் வரிசை) ஈ.டி.ஜி.7 சரக்கு ரயில் செட் ஒன்று வாங்கினேன். மூன்று தண்டவாள வகை. அட்டைப் பெட்டியின் மேல் எல்.எம்.எஸ். (லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் என்ற பழைய பிரிட்டிஷ் ரயில் நிறுவனம்) என்று இருக்கிறது. 6917 எண்ணுள்ள கறுப்பு டேங்க் எஞ்சின், திறந்த வேகன், மூடிய வேன் மூன்றும் எல்.எம்.எஸ்.தான். பிரேக் வேனில் (சரக்கு ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டி) மட்டும், எல்.எம்.எஸ்.ஸுக்குப் பின் வந்த அரசு ரயில்வேயான பிரிட்டிஷ் ரயில்வேஸின் அடையாளம்.

டப்லோவில் அந்த அடையாளம் வந்தது 1953-இல். உள்ளே இருந்த விளக்கத் தாளின் அச்சுக் குறியீடோ 1952 என்கிறது. கொக்கிகளைப் பார்த்தேன், போருக்கு முந்தைய தட்டைக் கம்பி வகை எதுவும் இல்லை, எல்லாம் பிந்தையவை. அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெட்டிக் குழியில் வேன் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் எல்.எம்.எஸ். வேனும் அதே அளவுதானே! மெக்கானோ பத்திரிகையின் அந்தக் கால விளம்பரங்களையும் ஏலப் படங்களையும் புரட்டிவிட்டேன். விற்றவர் "வாங்கினபடியே இருக்கு" என்கிறார். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்.

லிவர்பூல் தொழிற்சாலையே மீந்த எல்.எம்.எஸ். பெட்டியில் புதிய பிரேக் வேனை வைத்து அனுப்பியதற்குச் சான்றாக, கைமாறாத செட் எதையாவது யாரேனும் நேரில் பார்த்திருக்கிறீர்களா?