அமைதிப்படைக்கு மானிடவியலாளர் தேவையா? சோமாலியாவை வைத்துப் பேசுவோம்

நெய்தல்:
1993 ஜூலை 12, மொகதிஷு. ஐ.நா. படையோடு மோதிக்கொண்டிருந்த போர்த்தலைவர் ஐதீதின் ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்று அப்தி வீட்டின் மேல் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. உள்ளே ஐதீதின் ஹபர் கிதிர் குலத்துப் பெரியவர்களும் இருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் 54 பேர் சாவு. அங்கே ஒருவனைக் கொன்றால் ஈடு கேட்பது அவன் வீட்டார் மட்டுமல்ல, 'மக்' என்கிற கொலை ஈட்டுத்தொகையைச் சேர்ந்தே கொடுத்து வாங்கும் மொத்தப் பங்காளிக் கூட்டமும்தான். லூயிஸ் என்ற மானிடவியலாளர் 1961லேயே எழுதிவைத்த விஷயம் இது. ஊராரோடு பேசுவதற்கென்று ராணுவம் வைத்திருக்கும் சிமிக் பிரிவில் இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

பாறைக்காட்டான்:
தெரியாமல் நடந்தது போல எழுதுகிறீர்களே. ஜூன் 5ஆம் தேதி ஐதீத் ஆட்களோடு நடந்த சண்டையில் ஐ.நா. படையின் 24 பாகிஸ்தான் வீரர்கள் செத்தார்கள், அப்புறம் ஐதீத் தலைக்கு 25,000 டாலர் அறிவித்தார்கள். முடிவு மேலே எடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் மானிடவியலாளர் கூட இருந்திருந்தால், யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டில் கூடுவார்கள் என்றுதான் அவரிடம் கேட்டிருப்பார்கள். 2007இல் அமெரிக்க ராணுவம் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இதற்கென்றே ஒரு திட்டம் வைத்து ஆய்வாளர்களைப் படையோடு அனுப்பியது. அமெரிக்க மானிடவியல் சங்கமே அதே வருடம் அது தப்பு என்று அறிக்கை விட்டது.

நெய்தல்:
அது போர். நான் பேசுவது அமைதிப்படையை.

பாறைக்காட்டான்:
சோமாலியாவுக்குப் போன ஐ.நா. படை மட்டும் எல்லோரையும் கேட்டுக்கொண்டா போனது? ஐ.நா. சாசனத்தின் 7ஆம் அத்தியாயம், பலத்தைப் பயன்படுத்த அனுமதி. பெயர்தான் வேறு.

மாட்டுவண்டி:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். எங்கள் பெரியப்பா 93இல் பைதோவாவில் இந்தியப் படைப்பிரிவில் இருந்தவர். கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம், மசூதி கட்டினார்கள், ஜனங்களோடு கால்நடைக்கும் வைத்தியம் பார்த்தார்கள். மேய்ச்சல்காரனுக்கு மாடுதான் சொத்து என்று எங்கள் ஊர் ஆளுக்குப் படித்தவர் வந்து சொல்ல வேண்டுமா?

நெய்தல்:
அந்தக் கிணறு யாருடையது? மேய்ச்சல் நாட்டில் கிணறு குலத்துக்குச் சொந்தம், தண்ணீர் காட்ட யாருக்கு முறை, யார் கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்பதெல்லாம் பேசிவைத்த கணக்கு. வெளியிலிருந்து வந்தவன் நல்லெண்ணத்தில் ஒரு கிணறு தோண்டி, அது யார் எல்லை என்று பார்க்காமல் விட்டால், அடுத்த கோடையில் அங்கேயே வெட்டுக்குத்து.

மாட்டுவண்டி:
இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் கைகாட்டிய இடத்தில்தான் வெட்டினோம் என்கிறார்.

பாறைக்காட்டான்:
பார்த்தீர்களா, கேட்டால் போதும். அதே 93இல் வடக்கே சோமாலிலாந்தில், போரமாவில் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தாங்களே சமாதானம் பேசி முடித்தார்கள். எந்த அமைதிப்படையும் இல்லாமல்.

நெய்தல்:
கேட்டால் போதும், சரி. யாரைக் கேட்பது? படை வந்து இறங்கி, கையில் பணமும் ஒப்பந்தமும் இருக்கிறது என்று தெரிந்ததும் நேற்றுவரை யாரும் மதிக்காதவன் இன்றைக்கு 'பெரியவர்' ஆகி முன்வரிசையில் உட்காருவான். ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பப்போகும் கேப்டனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

மாட்டுவண்டி:
இதைப் பெரியப்பாவும் ஒத்துக்கொள்வார். மொழிபெயர்ப்பாளன் எந்தக் குலமோ அந்தக் குலத்துப் பெரியவர்தான் முதலில் வருவாராம் :)

பாறைக்காட்டான்:
இந்த ஒரு இடத்தில் இறங்கி வருகிறேன். ஆனால் அந்த ஆய்வாளர் ராணுவச் சம்பளம் வாங்கக்கூடாது, அவர் குறிப்பேடு உளவுப்பிரிவுக்குப் போகக்கூடாது. இதற்கு எழுதிக் கையெழுத்துப் போடும் தளபதி ஒருவரைக் காட்டுங்கள், மேலே பேசலாம்.