ஜிஆர்86: வேலைக்குப் போகும்போது ஒன்றுமில்லை, வரும்போது பின்பக்கம் வழுக்குகிறது. வருடம் முழுக்க ஓட என்ன ரயர் போடலாம்?

நைட்ஷிப்ட்_சாரதி:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட்டில் 2022 ரொயோட்டா ஜிஆர்86 பிரீமியம் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செக்கன்ட் ஹாண்டாக எடுத்தேன், மனுவல். என்னிடம் இருப்பது இந்த ஒரு கார்தான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் இரவு வேலைக்குப் போய் வருகிறேன். காரோடு வந்த மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 ரயர்தான் இன்னும் ஓடுகிறது. அளவு 215/40ஆர்18.

போன கிழமை வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. செவ்வாய் காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும்போது வெளியே 3 பாகை. றோட்டில் ஈரம்கூட இல்லை. டிக்சி றோட்டில் இருந்து 401-க்கு ஏறும் வளைவில் இரண்டாம் கியரில் கொஞ்சம் மிதித்தேன், பின்பக்கம் சட்டென்று வெளியே போய்விட்டது. டாஷில் மஞ்சள் விளக்கு படபடவென்று அடித்தது, கார் தானாக நேரானது. நான் நேராகத்தான் அலன் றோட் வரைக்கும் எடுத்தது. புதன்கிழமையும் அதே இடத்தில் அதே கதை. இரவு வேலைக்குப் போகும்போது மட்டும் எந்த வளைவிலும் ஒன்றுமில்லை. அந்த வளைவில் யாராவது எண்ணெய் கொட்டிவிட்டார்களோ என்றும் யோசித்தேன்.

ஒரு கராஜில் "ஓல் சீசன் போடு, பன்னிரண்டு மாதமும் ஓடலாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில், இதுவே காணும், பனி கொட்டினால் பஸ்ஸில் போ என்றார்கள். நான் இருப்பது காண்டோ அடுக்குமாடியில். நாலு சில்லு வைக்க இடமில்லை, பல்கனியில் ஒரு வாளி வைத்தாலே கடிதம் வரும். ஒரே செட்டில் முடிக்க வழி இருக்கிறதா?

கிறீஸ்_கை:

தம்பி, ரயரை மாற்ற முன்பு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லும். வேலை முடிந்து காரை எடுக்க முன்பு காற்று எவ்வளவு நிற்கிறது? நாலு ரயரிலும் பள்ளம் எத்தனை மில்லிமீற்றர்? நடுவில் மட்டும் அளந்துவிட்டு வராமல் உள்விளிம்பையும் பாரும். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் என்ன? ஒரு பக்கத்தில்தான் அது முழுதாக இருக்கும். உள்பக்கமாக இருந்தால் டோர்ச்சோடு படுக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, கார் இரண்டு இடத்திலும் எங்கே நிற்கிறது?

நைட்ஷிப்ட்_சாரதி:

அண்ணை, இன்று காலை பார்த்தேன். முன் இரண்டும் 5.5. பின் இரண்டும் நடுவில் 3, உள்விளிம்பில் 2.5. இலக்கம் 3521. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட நாலிலும் 5 பிஎஸ்ஐ குறைவு, ஆனால் காற்று விளக்கு எரியவில்லை. வீட்டில் நிலக்கீழ் பார்க்கிங், அங்கே குளிரே இல்லை. வேலை இடத்தில் திறந்த லொட்.

கிறீஸ்_கை:

அப்போ எண்ணெய் கொட்டியவரை மன்னித்துவிடும்.

வீட்டில் இருந்து கிளம்பும்போது ரயர் நிலக்கீழ் சூட்டோடு வருகிறது. வேலை இடத்தில் எட்டு மணித்தியாலம் 3 பாகையில் நின்று விறைத்துப்போகிறது. உம்முடைய பைலட் ஸ்போர்ட் 4 சமர் ரயர். அதன் ரப்பர் சூட்டில் றோட்டைப் பிடிக்கவென்று கலந்தது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். பனியோ ஈரமோ தேவையில்லை, வெறும் குளிரே காணும். விரல் நகத்தால் அழுத்திப் பாரும், வேலைக்குப் போக முன்பு ஒருக்கால், வேலை முடிந்த பிறகு ஒருக்கால். வித்தியாசம் நகத்துக்கே தெரியும். டிக்சி வளைவு லொட்டில் இருந்து இரண்டு நிமிடம். அதற்குள் ரயர் சூடேறாது.

காற்று ஒவ்வொரு 5, 6 பாகைக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். ஓகஸ்ட்டில் அடித்த காற்று இப்போது 5 குறைந்திருப்பது கணக்குக்குச் சரி, ஓட்டை இல்லை. விளக்கு கிட்டத்தட்ட கால்வாசி இறங்கினால்தான் எரியும், அதை நம்பியிருக்க வேண்டாம்.

3521 என்றால் 2021-இன் 35-ஆவது கிழமை செய்த ரயர். வயசு பரவாயில்லை. உலர்ந்த றோட்டில் வழுக்கியதற்குப் பள்ளம் குறைந்தது காரணம் இல்லை, ஆனால் மழையில் பின்பக்கம் தண்ணீரில் மிதக்கும். உள்விளிம்பு கூடத் தேய்ந்திருப்பதால், எந்தப் புது ரயரும் போட முன்பு அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பார்க்க வேணும்.

வான்கூவர்_மழை:

ஒரே செட் என்றால் கொன்ரினென்ரல் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் என்ற ஓல் சீசன் ரயரைப் பாருங்கள். நான் மூன்று வருடமாக என் மாஸ்டா மியாட்டா காரில் ஓட்டுகிறேன். ரயரின் மேல் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்து வெட்டியிருக்கும். எஸ் அழிந்தால் பனிக்கு ஆகாது, டபிள்யூ அழிந்தால் மழைக்கும் ஆகாது. வளைவில் சமர் ரயரின் கூர்மை இல்லை, ஆனால் நல்ல ரயர்.

கிறீஸ்_கை:

நல்ல ரயர்தான், வான்கூவருக்கு. அங்கே குளிர்காலம் என்றால் மழை. இங்கே ஜனவரியில் விடிய −15. தம்பியுடையது எஞ்சின் பின்சில்லை மட்டும் சுழற்றும் பாரம் குறைந்த கார், அவர் விடியக்காலையில் உப்புப் போட முன்பே றோட்டில் நிற்கிறவர். டிடபிள்யூஎஸ், மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஓல் சீசன் 4 இரண்டிலும், கடும் பனிக்கு ஏற்ற ரயர் என்று காட்டும், மலையும் பனித்துகளும் சேர்ந்த அந்த முத்திரை இல்லை. முத்திரையோடு ஒரே செட் வேண்டும் என்றால் மிஷெலின் குறோஸ்கிளைமேட் 2 மாதிரி ஓல் வெதர் ரயர் இருக்கிறது. அது உம்மைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் ஜூலையில் ஸ்ரியரிங்கைத் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத் திரும்பும். அதற்கு ஏன் ஜிஆர்86? கொரோலா எடுத்திருக்கலாம்.

சமர் ரயரோடே சமாளிக்கலாம் என்று சொன்னவரின் பேச்சை விடும். கடுங்குளிரில் சமர் ரயரை ஓட்டினால் ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று கொம்பனிக்காரரே எச்சரிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு செட். செலவு இரட்டிப்பு இல்லை, ஒன்று ஓடும்போது மற்றது தேயாது.

மொன்றியல்_அக்கா:

அண்ணா சொல்வதுதான் சரி. என்னுடையது 2017 சுபாரு பிஆர்இசட், உங்கள் காரின் மூத்த சகோதரம். ஐந்து குளிர்காலம் ஓட்டிவிட்டேன். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த முத்திரை போட்ட ரயர் சட்டம். அது இங்கே பதிந்த கார்களுக்கு, ஒன்ராறியோ பிளேட்டுக்கு இல்லை. ஆனால் பனிக்கு பிளேட் வாசிக்கத் தெரியாது.

நாலும் விண்டர் ரயர் போடுங்கள். பின்னுக்கு மட்டும் இரண்டு போட்டால் கார் போகும், ஆனால் திரும்பாது, நிற்காது. 18-இல் வேண்டாம், 17 இஞ்சி றிம்மில் 215/45 போடுங்கள். சுற்றளவு ஏறக்குறைய அதேதான், ரயர் மலிவு, குழியில் விழுந்தாலும் றிம் தப்பும். 2024-க்குப் பிறகு ப்ரெம்போ பிரேக்கோடு வந்த காருக்கு எல்லா 17-உம் போகாது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

15 சென்ரிமீற்றர் கொட்டும் நாளில் ரயர் பிடிக்கும், பம்பர்தான் பனி தள்ளும். அன்றைக்கு பஸ்.

நைட்ஷிப்ட்_சாரதி:

விளங்குது. ஆனால் மற்ற நாலையும் எங்கே வைக்கிறது?

மொன்றியல்_அக்கா:

ரயர் மாற்றும் கடைகள் பலதும் பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வைத்துத் தரும். கொண்டுபோக வான் தேடாதீர்கள். பின்சீற்றை மடித்தால் நாலு சில்லும் உள்ளே போகும். ரேஸ் ஓட்டப் போகிறவர்களுக்காக ரொயோட்டா யோசித்தே வைத்த இடம் அது. அப்புறம், உங்கள் இன்சூரன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்கள். 2016 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் விண்டர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும்.

நைட்ஷிப்ட்_சாரதி:

டிசம்பர் வந்துவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். 17 இஞ்சி றிம் பாவித்ததாக எடுத்தேன், மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ விண்டர் ரயர் போட்டேன். இன்று காலை −9, டிக்சி வளைவில் கார் ஒரு சத்தமும் போடவில்லை. ஸ்ரியரிங் கொஞ்சம் மெத்தை மாதிரி, அது பழகிவிடும்.

ஒரு சந்தேகம். 100-க்கு மேல் போனால் ஸ்ரியரிங் நடுங்குகிறது. கடையில் இரண்டு தரம் பலன்ஸ் பண்ணிப் பார்த்தார்கள், போகவில்லை. றிம் முந்தி ஒரு ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா காரில் நின்றதாம். 5x100, அதாவது 100 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து நட்டுத் துளை, என் காரில் இருக்கும் அதே துளைகள்தான்.

கிறீஸ்_கை:

ஜெட்டா என்றதும் பிடிபட்டது. துளைகள் சரி, நடு ஓட்டைதான் பிழை. வெளியாள் செய்த றிம்மில் நடுவில் பெரிய ஓட்டை விட்டு, காருக்கு ஏற்ற வளையம் போடுவார்கள். ஜெட்டாவுக்கு 57.1 மில்லிமீற்றர், உமக்கு 56.1. பழைய வளையம் உள்ளேயே இருக்கும், றிம் ஒரு மில்லிமீற்றர் ஆடிக்கொண்டு உட்காருகிறது. கழற்றிப் பாரும், உள்பக்கம் அச்சிட்டிருக்கும்.

நைட்ஷிப்ட்_சாரதி:

அண்ணை, 57.1 என்றே எழுதியிருக்கிறது! நாலு வளையம் 20 டொலர், மாற்றியாச்சு. 401-இல் 110 வரை பார்த்தேன், கோப்பிக் கப்கூட ஆடவில்லை.

கிறீஸ்_கை:

நல்லது. சில்லு நட்டை 120 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கும். ஒரு 100 கிலோமீற்றர் ஓடிவிட்டு, சில்லு ஆறியபிறகு திரும்ப இறுக்கிப் பாரும்.