அம்மாவின் மணிக்கட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? உதவி தேவை

வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்து ஒரு மாதம் ஆகிறது.

பிசியோதெரபியில் பிடிவலிமையை டைனமோமீட்டரில் பார்க்கிறார்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி மூன்று முறை அழுத்தச் சொல்லி, சராசரி எடுக்கிறார்கள். இடது 19 கிலோ, வலது 8. இதில் குழப்பமில்லை.

குழப்பம் பி.ஆர்.டபிள்யூ.இ. (PRWE) கேள்வித்தாளில்தான்; மணிக்கட்டு வலியையும் கையால் செய்யும் வேலைகளையும் நோயாளியே மதிப்பிடும் தாள் அது. 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10. வலிக்கு ஐந்து கேள்விகள், 50; செயல்பாட்டுக்குப் பத்து, கூட்டிப் பாதியாக்கி 50. மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம் (பரீட்சைக்கு நேர்மாறு என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு).

ஆங்கிலத் தாளை நான்தான் தமிழில் சொல்லிக் கேட்கிறேன். கத்தியால் இறைச்சி வெட்ட முடிகிறதா? அம்மா சைவம், காய் நறுக்குவதும் அரிவாள்மனையில். கதவுக் குமிழைத் திருக முடிகிறதா? எங்கள் வீட்டில் எல்லாம் தாழ்ப்பாள். கழிப்பறையில் டிஷ்யூ பேப்பர்? அதைக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஈரத்துணி பிழிய முடியவில்லை, குக்கர் மூடி திறக்க வரவில்லை என்று தினமும் புலம்புகிறார். அதெல்லாம் ‘வீட்டு வேலை’ என்ற ஒரே வரியில் அடங்கிப்போகிறது.

பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி நண்பர்கள் யாராவது சொல்லுங்கள். இறைச்சிக்குப் பதில் காய் என்று நானே மாற்றிக் கேட்டால், முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிடலாமா? பொருந்தாத கேள்வியை விட்டுவிடலாமா? முறையாகச் சரிபார்த்த தமிழ் வடிவம் இருந்தால், எங்கே வாங்குவது? அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. அதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.