புதுப்பிப்பு: 13 டிரிபிள் கிரவுன் குதிரைகள் ஓடிய கணினிப் பந்தயம், என் கணிப்பு பலித்ததா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது இதுதான்: கொரோனாவால் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனதும், 2020 மே 2 அன்று டிரிபிள் கிரவுன் (ஒரே வருடத்தில் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்று பந்தயங்களையும் ஜெயிப்பது) எடுத்த 13 குதிரைகளையும் வைத்துக் கணினியில் ஒரு பந்தயம் ஓடவிட்டார்கள். அதன் பதிவை முடிவு தெரியாமல் வீட்டில் எல்லோரும் பார்க்கப் போகிறோம். யார் ஜெயிப்பார் என்ற கணிப்பில் எந்தக் குதிரையை முதலில் வைப்பது?

“செக்ரடேரியட் பெல்மான்டில் 31 குதிரை நீள இடைவெளியில் ஜெயித்த கதையை விடுங்கள், கணினிப் பந்தயத்தின் அதே ஒன்றேகால் மைலில் ஒவ்வொரு குதிரையும் எடுத்த டெர்பி நேரத்தைப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. செக்ரடேரியட் 1973இல் எடுத்தது 1 நிமிடம் 59.4 விநாடி, டெர்பியில் இன்றும் அதுதான் சாதனை. அடுத்தது அஃபர்ம்ட், 1978இல் 2 நிமிடம் 1.2 விநாடி. சரி, தலைமைச் செயலகமே முதலிடம் என்று எழுதினேன். (வீட்டில் செக்ரடேரியட்டுக்கு அதுதான் பெயர்.) அதுவே ஜெயித்தது.

இரண்டாமிடத்தில்தான் சறுக்கினேன். 1948இல் 2 நிமிடம் 5.4 விநாடி எடுத்த சைட்டேஷனைப் பட்டியலின் கடைசிப் பக்கம் தள்ளியிருந்தேன். அது இரண்டாவதாக வந்து நின்றது! அந்த வருடம் தரை முழுக்கச் சேறு. இதை இங்கேயே ஒருவர் எச்சரித்திருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. 2018இல் ஜஸ்டிஃபை ஓடியதும் மழையில்தான். நேரத்தை ஒப்பிடுகிறவர்கள் அன்றைய தரை எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.