யி எழுத்து 40981: ‘அடுக்குக் குறி’யா, ‘மீள்குறி’யா?

வணக்கம்.

யி எழுத்துக் குறி ஒன்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு பட்டியலில் 40981ஆம் எண்ணில் இருக்கும் அதை ‘யி அசை வு’ என்று அப்படியே தமிழில் எழுதிவிட வேண்டாம். அது அசையே இல்லை. சீனாவில் சிச்சுவானின் லியாங்ஷான் பகுதியில் நுவோசு மொழியை யி எழுத்தில் எழுதும்போது, ‘முந்தைய அசையை இன்னொரு முறை வாசி’ என்று சொல்லும் குறி அது. 1999இல் யுனிகோடு 3.0 வந்தபோது 1165 யி எழுத்துகளில் ஒன்றாக, ஓர் ஒலியின் பெயரோடு உள்ளே போய்விட்டது. வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே விதி. (நம் ஆய்தமும் இன்றுவரை ‘விசர்கக் குறி’தான்!) அதனால் சரியான பெயரை (Yi Syllable Iteration Mark) முறையான மாற்றுப்பெயராகப் பக்கத்தில் சேர்த்தார்கள். நாம் தமிழாக்க வேண்டியது அந்த மாற்றுப்பெயரை.

‘இரட்டைக்கிளவிக் குறி’ எனக்கு ஒப்பவில்லை. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. நுவோசுவிலோ வினையின் கடைசி அசையை இரட்டித்தால் ஆம்-இல்லைக் கேள்வி பிறக்கும். ‘வந்தான்’ என்பதை ‘வந்தானா’ என்று நாம் ஆக்குகிற வேலை அது. இரட்டிப்பை எடுத்துவிட்டாலும் வினை முழுசாகவே நிற்கும்.

‘இரட்டிப்புக் குறி’ பரவாயில்லை, ஆனால் இலக்கணத்தில் இரட்டல் என்றால் ஒற்று நினைவுக்கு வரும். குர்முகியில் மெய்யை இரட்டிக்கிற ‘அத்தக்’குக்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைப்போம். ‘மேற்படிக் குறி’ வேண்டவே வேண்டாம். தமிழ்ப் பகுதியிலேயே 3064இல் அது உட்கார்ந்திருக்கிறது, வேலையும் வேறு.

மிச்சம் ‘அடுக்குக் குறி’. அடுக்குத்தொடரை ஒட்டி வருவதால் நல்ல சொல்தான். ஆனால் கணக்குப் பாடத்தில் அடுக்கு என்றால் வேறு, கணினியில் வேறு. மூன்றாவதாக இதையும் அதன் தலையில் ஏற்றலாமா?

என் பரிந்துரை ‘மீள்குறி’. மீள்பதிவு, மீள்வாசிப்பு என்று பழகிவிட்டதால் விளக்கம் தேவைப்படாது. தாய் மொழியில் சொல்லைத் திருப்பிச் சொல்லும் ‘மை யமோக்’குக்கும், ஜப்பானியர்கள் ‘காஞ்ஜி’ என்ற சீன வழி எழுத்தைத் திரும்ப எழுதாமல் போடும் குறிக்கும் இதுவே பொருந்தும். யி எழுத்துக்கு மட்டும் ‘அசை மீள்குறி’ எனலாம்.

‘மீள்குறி’ என்பதைத் ‘திரும்பக் குறித்தல்’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அப்படித் தோன்றினால் சொல்லுங்கள், ‘மீட்டல் குறி’ என்று மாற்றலாம்.