அண்ணனின் நீலச் சட்டை இன்னொருவர் உடம்பில்: இதைப் பெரிதுபடுத்தலாமா?

கடைக்குட்டி:
அண்ணனுக்கு 41 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், அதோடு அறிவுசார் குறைபாடும். பேச்சு என்று பார்த்தால் நாலைந்து சொற்கள். அம்மா போன பிறகு ஒரு வருடம் நானே வைத்துப் பார்த்தேன். வேலைக்கும் போய்க்கொண்டு முடியவில்லை. இப்போது ஊருக்கு வெளியே ஒரு சின்ன இல்லத்தில் இருக்கிறான். மொத்தம் 17 பேர், மாதம் 14,000 ரூபாய். தரை பளிச்சென்று இருக்கிறது. அடிப்பதில்லை, திட்டுவதில்லை. நடத்துகிறவரும் நல்ல மனிதர்தான்.

போன ஞாயிறு போனபோது அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையை வேறொருவர் போட்டிருந்தார். அம்மா கடைசியாக எடுத்துக் கொடுத்தது. மேல் பொத்தான் மட்டும் வெள்ளை, அம்மா தைத்துப் போட்டது. அண்ணன் அந்தப் பொத்தானைக் காட்டி "ம்மா, ம்மா" என்றுகொண்டே இருந்தான். பணியாளரிடம் சொன்னதற்கு, "எல்லாம் துவைச்ச துணிதானே சார்" என்றார். மதியம் ஊட்ட வேண்டியவர்கள் ஐந்து பேர், ஊட்டுவது ஒரே ஆள். ஒரே கிண்ணத்தில் பிசைந்து ஆளுக்கொரு வாய், வரிசையாக. பத்து நிமிடத்தில் முடிந்தது.

நான் ரொம்ப எதிர்பார்க்கிறேனா?

மேலூர் அம்மா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகளுக்காக ஒன்பது இல்லம் ஏறி இறங்கியவள் நான். வாசலில் கால் வைத்ததுமே மூத்திர வாடை அடித்தது நான்கில். ஒன்றில் பெண்கள் எல்லோருக்கும் மொட்டை, பேன் வராதாம். உங்கள் அண்ணன் இருக்கும் இடத்தில் நாற்றம் இல்லை, அடி இல்லை. அதுவே பெரிய கொடுப்பினை. சட்டைக்காகச் சண்டை போட்டு, "உங்க ஆளைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? அரசு தரும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில்தான் 1,500-லிருந்து 2,000 ஆனது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு ஆள் போட முடியுமா?

சக்கரம்:
கொடுப்பினையா? மாதம் 14,000 கொடுத்து வாங்குகிற சேவை அம்மா அது.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். பதினொரு வயது முதல் பத்தொன்பது வரை விடுதியில் வளர்ந்தேன். அங்கே எனக்கென்று சீப்புகூடக் கிடையாது. அந்தப் பணியாளர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். துணி சுத்தமா என்றுதான் அவருக்குக் கேள்வி, யாருடைய துணி என்பது கேள்வியே இல்லை. கிடங்கில் மூட்டையைப் பத்திரமாக வைப்பதும் இப்படித்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை பற்றிப் பேசுகிறது. 17 பேரை ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் வைப்பது அதில் சேருமா?

இல்லங்களே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சென்னையில் பான்யன் அமைப்பு, மனநலக் காப்பகத்தில் பல வருடம் கிடந்த பெண்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வைத்து, உதவிக்கு ஆளும் போட்டிருக்கிறது. சமையல் என்ன என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

இன்னொன்று, கடைக்குட்டி. 41 வயது அண்ணனை "இருக்கிறான்" என்று எழுதுகிறீர்கள். இல்லத்தில் அவரை "பசங்க" கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள்.

கடைக்குட்டி:
வீட்டில் எங்களுக்கு அண்ணன் எப்போதும் அவன்தான், மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் "பசங்க" என்பது உண்மை. அறுபது வயதுக்காரர் ஒருவரும் அங்கே பையன்தான்.

வாசல் விளக்கு:
நானும் ஒரு சிறிய இல்லம் நடத்துகிறேன், 14 பேர். சக்கரம் சாருக்குக் கணக்குச் சொல்கிறேன். 17 பேரும் 14,000 கொடுத்தால் 2,38,000. எந்த இல்லத்திலும் எல்லோரும் கொடுப்பதில்லை. என்னிடம் ஐந்து பேருக்குச் சேர்த்த மூன்றாம் மாதமே பணம் நின்றுவிட்டது, போன் எண்ணும் மாறிவிட்டது. அவர்களை ரோட்டிலா விட முடியும்? வாடகை, மளிகை, டயப்பர், மருந்து போக மிஞ்சுவதில் ஆளுக்கு 12,000 சம்பளம் தருகிறேன். பக்கத்து நூற்பாலையில் அதைவிட அதிகம் கிடைக்கிறது. போன வருடம் மட்டும் ஏழு பேர் வந்து போனார்கள்.

நன்கொடை இல்லையா என்பீர்கள். எல்லோரும் பிறந்தநாள் சாப்பாடுதான் போடுகிறார்கள். பிரியாணி, கேக், புகைப்படம். ஒரே வாரத்தில் மூன்று பிறந்தநாள் வந்து, பாதிப் பேருக்கு வயிறு கெட்டதும் உண்டு. இரவுப் பணியாளரின் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், அதை யாருக்கும் படம் பிடித்துப் போட முடியாது போல. நாலு பேருக்கு ஒரு வீடு நல்ல யோசனைதான். அந்த வாடகையை யார் கொடுப்பது?

இராப்பணி:
நான் இந்த வேலையில் ஆறு வருடம் இருந்தவள். சட்டை ஏன் மாறுகிறது என்று சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குக் குளிப்பாட்ட ஆரம்பித்தால் ஏழுக்குள் பதினைந்து பேரை முடிக்க வேண்டும். துணியெல்லாம் ஒரே குவியல். கைக்கு வந்தது, அளவும் சரியாக இருந்தால் மாட்டிவிடுவோம். வன்மம் எதுவும் கிடையாது.

ஆனால் தம்பி, பெரிய விஷயம் ஊட்டுவதில் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விழுங்குவது கஷ்டம். தலை பின்னால் சாய்ந்தபடி அவசரமாக ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். அன்றைக்கு இருமலோடு போய்விடும், சில நாள் கழித்து நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாயை முழுங்கின பிறகுதான் அடுத்த வாய். முடிந்ததும் உடனே படுக்க வைக்கக்கூடாது. ஒருவருக்கே இருபது நிமிடம், அரை மணி ஆகும். ஒரு ஆள் ஐந்து பேருக்குப் பத்து நிமிடத்தில் ஊட்டுகிறார் என்றால் நான் பயப்படுவேன்.

அடுத்த முறை மதியம் போகாதீர்கள், ராத்திரி ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் பாருங்கள், சிவந்திருந்தால் திருப்பிப் படுக்க வைப்பதில்லை என்று அர்த்தம். பல் தேய்க்கிறார்களா என்று ஈறைப் பார்த்தால் தெரியும். சேர்த்தபோது என்ன எடை, இப்போது என்ன எடை என்று கேளுங்கள். மாத்திரைப் பட்டியலைக் கையில் வாங்கிப் படியுங்கள். ராத்திரி எத்தனை ஆள், கதவைப் பூட்டினால் சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தீப்பிடித்தபோது 28 பேர் கட்டிய சங்கிலியோடு கருகிப் போனார்கள். எனக்குத் தனியாக ராப்பணி போட்ட நாளெல்லாம் அந்த நினைப்புதான். ஒருத்தருக்கு வலிப்பு வந்து ஆம்புலன்ஸில் கூடப் போனால், மிச்சப் பேரை யார் பார்ப்பது?

மேலூர் அம்மா:
இந்தப் பெண் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சக்கரம் தம்பி சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. உங்களுக்கு வாய் இருக்கிறது, தட்டச்சு செய்யக் கை இருக்கிறது. என் மகளுக்குப் பசி என்று சொல்லத் தெரியாது. வாடகை வீட்டில் வைத்தால் பக்கத்து வீட்டில் எவன் இருக்கிறான் என்று யார் பார்ப்பது?

சக்கரம்:
அந்தப் பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் மூடிய கதவுக்குள்ளும் அதே ஆபத்து உண்டு, வெளியே தெரியாது, அவ்வளவுதான். 2023-இல் விழுப்புரம் மாவட்டத்து ஆசிரமம் ஒன்றில் பாலியல் கொடுமை, ஆட்கள் காணாமல் போனது என்றெல்லாம் புகார் வந்ததைப் படித்திருப்பீர்கள். ஒருவரைத் தேடி உறவுக்காரர் போய் நின்றதால்தான் வெளியே வந்தது. வாய் இல்லாதவர்கள் என்கிறீர்கள். கடைக்குட்டியின் அண்ணன் பொத்தானைக் காட்டியது என்னவாம்?

வாசல் விளக்கு சாரின் கணக்கு உண்மை. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. பணத்தை அரசு போட வேண்டும் என்பேன், அது இன்றைக்கு ராத்திரிக்கு உதவாது. ஆனால் துணியில் பெயர் எழுத எவ்வளவு செலவாகும் சார்?

வாசல் விளக்கு:
சலவைக்குப் போடுகிற மாதிரி மையில் குறி போடலாம். செலவில்லை. சரி, நானும் இதுவரை போட்டதில்லை.

கடைக்குட்டி (நான்கு நாள் கழித்து):
நேற்று ஏழரை மணிக்குப் போனேன். கதவில் உள்தாழ்ப்பாள்தான், பூட்டு இல்லை. குதிகால் நன்றாக இருக்கிறது. ஆனால் எடை எழுதிய நோட்டே கிடையாது. ஆள் இளைத்திருக்கிறான், பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மாத்திரைப் பட்டியலில் ரிஸ்பெரிடோன் என்று ஒன்று, மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை, புதிதாக, இரண்டு மாதமாக. ராத்திரி சத்தம் போடுகிறான் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கினார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் போனபோது எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தான்.

நடத்துகிறவரிடம் கேட்டேன், சண்டை போடவில்லை. "உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார். சனிக்கிழமை டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். ஞாயிறு மதியம் ஊட்ட நான் வருகிறேன் என்றேன், மற்ற ஆறு நாளுக்கு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நீலச் சட்டை கிடைத்துவிட்டது. போட்டிருந்தவர் கழற்ற மாட்டேன் என்று அழுதார். அவருக்கு என்னுடைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இராப்பணி:
அந்த ரிஸ்பெரிடோன் சீட்டில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துக்கொண்டு போங்கள் தம்பி. திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி குறையுங்கள். எதற்காகச் சத்தம் போடுகிறார் என்றும் கேளுங்கள். பல்வலியாக இருக்கும், மலச்சிக்கலாக இருக்கும். எங்கள் இல்லத்தில் இப்படி ஒருவர் ஒரு மாதம் கத்தினார், கடைசியில் பார்த்தால் காதுக்குள் எறும்பு.