கஸ்டம் எடிட்டெக்ஸ்ட்: தொட்டா கீபோர்டு வரல, ஸ்க்ரீன் தெறந்தா கிராஷ்

நெல்லை_டெவ்:
வணக்கம் மக்களே, ஆண்ட்ராய்டு ஆப்புக்கு கோட்லின்ல ஆப்காம்பாட் எடிட்டெக்ஸ்ட்ட (டைப் பண்ற பெட்டி) எக்ஸ்டெண்ட் பண்ணி ஒரு கஸ்டம் வியூ எழுதிட்டு இருக்கேன், எத்தன எழுத்து அடிச்சிருக்காங்கன்னு வலது ஓரத்துல காட்டணும். மூணு கன்ஸ்ட்ரக்டர் தனித்தனியா எதுக்குன்னு ஜேவிஎம்ஓவர்லோட்ஸ் (ஒரே கன்ஸ்ட்ரக்டர்ல இருந்து மத்ததையும் உண்டாக்குற குறிப்பு) போட்டு டெஃப்ஸ்டைல்அட்ருக்கு (எந்த ஸ்டைல்னு சொல்ற பாராமீட்டர்) 0 குடுத்தேன். அடிக்கோடு காணோம், தொட்டா கீபோர்டும் வரல. அப்புறம் எழுத்து மாறுறப்ப ஓடுற ஆன்டெக்ஸ்ட்சேஞ்ச்ட ஓவர்ரைட் பண்ணேன், இப்ப ஸ்க்ரீன் தெறக்குறப்பவே கிராஷ், கிராஷ் லாக்ல கீழ போய் பாத்தா, கவுண்ட்ட வரையுற பெயிண்ட் நல் (வேல்யூ இல்லாம காலி)னு சொல்லுது. அது வால் (மாத்த முடியாத வேரியபிள்), டிக்ளேர் பண்ற எடத்துலயே வேல்யூ குடுத்துருக்கேன், எப்படி நல் ஆகும்?

கொங்கு_கோட்லின்:
ப்ரோ மொதல் பிரச்சனைக்கு அந்த 0 தான் காரணம். எடிட்டெக்ஸ்ட்டோட பேக்ரவுண்டு, ஃபோகஸ் ஆகுற குணம் எல்லாமே தீம்ல இருக்குற எடிட்டெக்ஸ்ட்ஸ்டைல்ல இருந்து தான் வருது, நீங்க 0 அனுப்புனா அந்த ஸ்டைலே வேணாம்னு சொன்ன மாதிரி. 0-க்கு பதிலா ஆர் டாட் அட்ர் டாட் எடிட்டெக்ஸ்ட்ஸ்டைல் குடுங்க. வெறும் வியூவ எக்ஸ்டெண்ட் பண்றப்ப 0 சரி, பட்டன், செக்பாக்ஸ் இதுக்கெல்லாம் அதோட ஸ்டைல் தான் குடுக்கணும். இத தெரியாம எல்லா எடத்துலயும் அதே டெம்ப்ளேட்ட காப்பி பண்றாங்க, ரொம்ப தப்பு.

சின்னமனூரான்:
கிராஷுக்கு நான் சொல்றேன் தம்பி. எடிட்டெக்ஸ்ட்டுக்கு அப்பா க்ளாஸான டெக்ஸ்ட்வியூ அதோட கன்ஸ்ட்ரக்டருக்குள்ளயே செட்டெக்ஸ்ட்ட கூப்பிடுது, அது ஆன்டெக்ஸ்ட்சேஞ்ச்ட கூப்பிடும், நீங்க ஓவர்ரைட் பண்ணதால உங்க கோட் ஓடும், ஆனா அப்பா க்ளாஸ் கன்ஸ்ட்ரக்டர் முடிஞ்ச பெறகு தான் உங்க வால் எதுக்குமே வேல்யூ ஏறும். வாலா இருந்தாலும் அந்த நேரத்துல நல் தான். லேட்இனிட் (அப்புறமா வேல்யூ குடுக்குறேன்னு சொல்றது) போட்டாலும் வேற எக்செப்ஷன் வரும், அவ்ளோதான். ஓவர்ரைட்ட தூக்கிட்டு இனிட் ப்ளாக்ல (ஆப்ஜெக்ட் உருவாகுறப்ப ஓடுற கோட்) டூஆஃப்டர்டெக்ஸ்ட்சேஞ்ச்ட்ங்குற லிஸனர வைங்க, லேஅவுட் எக்ஸ்எம்எல்ல ஏற்கனவே டெக்ஸ்ட் இருந்தா அதுக்கு லிஸனர் அடிக்காது, அதனால இனிட் கடைசில ஒரு தடவ நீங்களே கவுண்ட்ட அப்டேட் பண்ணிருங்க. பெயிண்ட் டிக்ளரேஷன் இனிட்டுக்கு மேல இருக்கணும், கோட்லின் மேல இருந்து கீழ வரிசையா தான் போகும்.

நெல்லை_டெவ்:
அண்ணே ரெண்டும் சரியாயிருச்சு, ரொம்ப நன்றி! ஆனா கவுண்ட் மட்டும் தெரியல, கவுண்ட்ட வரையுற எக்ஸ் பொசிஷன இனிட்லயே வித்-ல (வியூவோட அகலம்) இருந்து பேடிங்க கழிச்சு போட்டு வச்சிருக்கேன்.

கொங்கு_கோட்லின்:
இனிட் ஓடுறப்ப லேஅவுட்டே நடந்துருக்காது ப்ரோ, வித் 0 தான், கழிச்சா மைனஸ்ல போய் ஸ்க்ரீனுக்கு வெளிய வரைஞ்சிட்டு இருக்கும். அந்த கணக்க, அளவு தெரிஞ்சதும் ஓடுற ஆன்சைஸ்சேஞ்ச்டுக்கு மாத்துங்க, பெயிண்ட் அங்கயே இருக்கட்டும். ஒத்த லைன் எடிட்டெக்ஸ்ட்னா வரையுற ஆன்ட்ரால எக்ஸ் கூட ஸ்க்ரோல்எக்ஸ்ஸையும் (பக்கவாட்டுல எவ்ளோ நகந்துருக்குங்குற அளவு) கூட்டிக்கோங்க, இல்லனா நீளமா டைப் பண்றப்ப கவுண்ட்டும் சேந்து இடது பக்கம் ஓடிரும்.